துணுக்கு என்கிற சொல்

நம்மில் ஒருவர் எழுதியதை ஒரே சொல்லில் தீர்த்துக்கட்ட வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு சொல் எப்போதும் கைவசம் இருக்கிறது. 'துணுக்கு' என்று சொன்னால் போதும். கட்டுரையானால் அதில் சிந்தனை இல்லை, கவிதையானால் அதில் அனுபவம் இல்லை, கதையானால் அது ஆனந்த விகடனுக்கோ குமுதத்துக்கோ போயிருக்க வேண்டியது என்று அர்த்தம். சிறு பத்திரிகைக்காரன் பெரும் பத்திரிகையின் மேல் வைத்த குற்றச்சாட்டு முழுவதும் இந்த நாலெழுத்தில் அடங்கிவிடும்.

இத்தனை காலம் சொல்லி வந்திருக்கிறோமே தவிர, துணுக்கில் என்னதான் குற்றம் என்று நாம் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. சின்னதாக இருப்பதா? மேம்போக்காக இருப்பதா? பொய்யாக இருப்பதா? மூன்றும் ஒன்றல்ல. ஒன்றென்று நினைத்ததால்தான் கேள்வி எழவில்லை. துணுக்கு பத்திரிகையின் ஒரு மூலையில் கிடந்தவரை இந்த அலட்சியத்தால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. இப்போது அது மூலையில் இல்லை. கைபேசியைத் திறந்தால் துணுக்கைத் தவிர வேறெதுவும் இல்லை. ரீல்ஸ் என்றும் ஷார்ட்ஸ் என்றும் ஸ்டேட்டஸ் என்றும் பெயர்கள் மாறியிருக்கின்றன, சரக்கு அதுதான். எனவே பழைய சொல்லை எடுத்து ஒருமுறை தட்டிப் பார்ப்பது உபயோகமாக இருக்கலாம்.

துணுக்கு என்றால் சிறு துண்டு. இது எல்லோருக்கும் தெரிந்தது. தமிழில் துணுக்குறுதல் என்று ஒன்றும் இருக்கிறது. திடுக்கிடுதல். துணுக்கம் என்றால் அச்சம். இரண்டுக்கும் வேர் ஒன்றா என்பது மொழியியலாரின் கவலை. காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கிறது. உடைந்த துண்டு, திடுக்கிடல். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது, இந்தச் சொல்லின் முதல் அர்த்தம் மெள்ள மெள்ள அழிந்து, இரண்டாவது மட்டும் எஞ்சியிருக்கிறது என்பதைத்தான்.

•

துணுக்கு எப்படிப் பிறந்தது என்பது அச்சுக்கூடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்தில் கதை எங்கே முடியும் என்பது எழுதியவன் கையிலும் இல்லை, ஆசிரியர் கையிலும் இல்லை. பத்தியின் அடியில் நாலு விரற்கடை இடம் மிஞ்சும். வெற்றிடத்தோடு பக்கத்தை மெஷினில் ஏற்ற முடியாது. ஏற்கெனவே கோத்து வைத்த துணுக்குகளில் அந்த அளவுக்குப் பொருந்துவதாகப் பார்த்து ஒன்றை எடுத்து வைத்துப் பக்கத்தைக் கட்டிவிடுவார்கள். விஷயத்தில் துண்டு விழுந்த இடத்தைத் துணுக்கு அடைத்தது. எதைச் சொல்ல வேண்டும் என்பதை இடம் தீர்மானித்தது. சொல்ல வேண்டிய அவசியம் அல்ல.

பிறகு இந்த அவசரத் தேவையே ஒரு தொழிலாயிற்று. ஒரு தபால் அட்டை, ஒரு கையெழுத்து, சின்னதாக ஒரு சன்மானம். 'துணுக்கு எழுத்தாளர்' என்று ஒரு ஜாதியே சிற்றூர்களில் உருவாயிற்று. எங்கோ படித்ததை, எவரோ சொன்னதை, நாலு வரியில் எழுதி அனுப்புவது. நாம் அவர்களைப் பரிகசித்தோம். ஆனால் அவர்கள் எழுத்தில் ஒரு விசேஷம் இருந்தது, அதை நாம் கவனிக்கவில்லை. ஏறக்குறைய எல்லாத் துணுக்கும் ஒரே மாதிரி முடியும். ஒட்டகம் பல நாள் தண்ணீர் குடிக்காமல் இருக்குமாம். இன்ன தேசத்தில் வெள்ளிக்கிழமை பிறந்த குழந்தைக்கு இன்ன பெயர் வைப்பார்களாம். அந்த 'ஆம்'.

தமிழ் இலக்கணம் நமக்குத் தந்திருக்கிற சின்ன அதிசயம் இந்த 'ஆம்'. வினையோடு ஒட்டிக்கொண்டு, 'இதை நான் பார்க்கவில்லை, கேட்டேன்' என்று சொல்லிவிடுகிறது. பழைய நூலாசிரியர்கள் 'என்ப' என்றும் 'என்மனார்' என்றும் சொல்லித் தங்களுக்கு முன்னால் சொன்னவர்களைச் சுட்டியது போலத்தான் இதுவும். விகடனுக்குத் தபால் அட்டையில் எழுதிய குமாஸ்தா இந்த மரபை அறிந்து செய்தான் என்று நான் சொல்லவில்லை. மொழி அவனுக்காகச் செய்தது. இது வேறிடத்திலிருந்து ஒடிந்து வந்த துண்டு என்பதை அந்த ஓரசை காட்டிக்கொண்டே இருந்தது. துண்டின் உடைந்த விளிம்பு அது.

•

குற்றம் சின்னதாக இருப்பதில் இல்லை என்பதை நிரூபிக்க நாம் வெகு தூரம் போக வேண்டாம். இரண்டடியில் 1330 முறை முழுமையாகப் பேசிய நூலை வைத்துக்கொண்டு நாம் சிறுமையைக் குறை சொல்ல முடியாது. 1959லிருந்து 1970 வரை வந்த 'எழுத்து' பத்திரிகையில் புதுக்கவிதை காலூன்றியபோது, இது ஏழெட்டு வரி, இதுவா கவிதை என்று கேட்டவர்களுக்கு நம் முன்னோர் சொன்ன பதிலும் இதுதான். குறுகியது வேறு, உடைந்தது வேறு. குறள் சின்னது, ஆனால் எதிலிருந்தும் ஒடிந்ததல்ல.

சங்கீதக் கச்சேரியில் துக்கடா என்கிறோம். அந்தச் சொல்லுக்கும் துண்டு என்றுதான் அர்த்தம். ஆனால் துக்கடா எப்போது வருகிறது? பிரதான உருப்படி முடிந்து, தனி ஆவர்த்தனம் முடிந்து, அதற்கப்புறம். இரண்டு மணி நேரம் ராகத்தோடு போராடியவர் ஐந்து நிமிஷம் லேசாகப் பாடுகிறார். அந்த லேசுக்குப் பின்னால் ஒரு கனம் இருக்கிறது. துக்கடாவை மட்டுமே பாடுகிற கச்சேரி ஒன்றைக் கற்பனை செய்து பார்த்தால் இன்றைய நிலைமை விளங்கும்.

இன்னும் எளிய உதாரணம் திருச்சி வானொலி. 1939ல் ஆரம்பித்த நிலையம். எங்கள் பக்கத்துச் சின்ன வெங்காயக்காரர்களுக்கு அதன் விலை நிலவரம் வேதவாக்கு. அதை விடச் சுருக்கமான உரைநடை இருக்க முடியாது. இன்ன சந்தை, இன்ன நாள், இன்ன எடை, இன்ன விலை. ஆனால் அதைத் துணுக்கு என்று யாரும் சொன்னதில்லை. ஏனென்றால் கேட்கிறவன் பட்டறை போட்டிருக்கிற வெங்காயத்தை இன்று பிரிக்கலாமா, பொறுக்கலாமா என்று முடிவு செய்யத் தேவையான அத்தனையும் அதில் இருந்தது. அதே விலையை, எந்தச் சந்தை என்றும் எந்தத் தேதி என்றும் சொல்லாமல், 'வெங்காயம் உச்சத்தில்' என்று ஒரு குரல் கைபேசியில் சொன்னால் அது துணுக்கு. நீளம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

•

நான் இதை எழுதுகிற குரும்பலூர், பெரம்பலூருக்கு மேற்கே துறையூர்ச் சாலையில் இருக்கிறது. பெரம்பலூருக்குக் கிழக்கே, குன்னம் தாண்டி அரியலூர் வரை, பூமியே ஒரு பழைய கடலின் அடித்தரை. 1860களில் பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை ஆராய்ந்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அடுக்குகளாகப் பிரித்தார். உலகத்தின் நிலவியல் புத்தகங்களில் எங்கள் ஊர்ப் பெயர்கள் ஏறியது அப்போது. இந்த மண்ணைப் பற்றி எத்தனையோ துணுக்குகள் உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

'உலகிலேயே மிகப் பெரிய விலங்கு அரியலூரில் வாழ்ந்தது.' இதுதான் துணுக்கு. பொய்யா என்றால், பொய் என்று சொல்லிவிட முடியாது. நடந்தது இது. அரியலூர்ப் பக்கம் கல்லமேடு என்ற இடத்தில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் சில எலும்புகளைக் கண்டார்கள். இடுப்பெலும்பின் பகுதிகள், தொடையெலும்பின் ஒரு பகுதி, இரண்டு மீட்டர் நீளக் கணைக்காலெலும்பு, வால் முள்ளெலும்பு ஒன்று, இப்படி. 1987ல் அதற்குப் பிருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டு எழுதினார்கள். பெரும் உடம்புக்காரன் என்று அர்த்தம். முதலில் அதை மாமிசம் தின்னும் வகையில் சேர்த்தார்கள். பிறகு வந்தவர்கள் இல்லை, நீண்ட கழுத்துள்ள தழையுண்ணி என்றார்கள். எலும்பே அல்ல, கல்லான மரமாக இருக்கலாம் என்றும் சந்தேகம் கிளம்பிற்று. எடுத்துப் பார்த்துத் தீர்க்கலாமென்றால் எலும்பு இல்லை. எங்கள் மண்ணின் ஈரத்தில் ஊறி இற்றுப்போயிருந்த அவை, அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேருமுன்பே பொடியாகிவிட்டன. எஞ்சியது சில கோட்டோவியங்களும் புகைப்படங்களும். 2022ல் பழைய புகைப்படங்களை வெளியிட்டு, எலும்புதான் என்று மறுபடியும் வாதித்தார்கள். 2023ல் வந்த ஒரு மதிப்பீடு அதன் எடை 110லிருந்து 170 டன் வரை இருக்கலாம் என்றது. அது நிற்பதும் அந்தக் காகிதங்களின் மேல்தான்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துணுக்கில் விடுபட்டது என்ன? விவரங்கள் விடுபட்டன என்று சொல்வது போதாது. விடுபட்டது சந்தேகம். மனிதர்கள் ஒரு பெரிய பொருளைக் கையில் பிடித்து, அது பொடியாவதைப் பார்த்து, மிஞ்சிய காகிதத்தை வைத்துக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஒருவரோடொருவர் வாதாடியதுதான் இந்த விஷயத்தின் உண்மை. பெரிய விலங்கு ஒன்று இருந்தது என்பது அந்த வாதத்தின் ஒரு தரப்பு மட்டுமே. துணுக்கு முடிவை வைத்துக்கொண்டு, முடிவுக்கு வந்த பாதையை எறிந்துவிட்டது. அறிவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்தப் பாதையைத்தான். 'வாழ்ந்ததாம்' என்று ஓரசை சேர்த்திருந்தால் பாதை கிடைத்திருக்காது. பாதை ஒன்று உண்டு என்பதாவது தெரிந்திருக்கும்.

2020 அக்டோபரில் அதுகூட இல்லாமல் போயிற்று. குன்னம் பகுதியில் நீர்நிலை ஒன்றில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று படமும் பேச்சும் கைபேசிகளில் பறந்தன. குரும்பலூர் டீக்கடைப் பெஞ்சில் நானும் பார்த்தேன். எத்தனை விநாடி என்று நினைவில்லை. ஒரு கிளாஸ் டீ ஆறும் நேரத்துக்குள் மூன்று பேர் கைபேசியில் வந்துவிட்டது. நிலவியல் அறிந்தவர்கள் வந்து பார்த்து, முட்டை அல்ல, அம்மோனைட் என்ற பழைய கடல்வாழ் உயிரினத்தின் எச்சத்தைச் சுற்றி வண்டல் படிந்து இறுகிய உருண்டைகள் என்றார்கள். 2009ல் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகளைக் கண்டதாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அறிவித்தது பலருக்கு நினைவிருந்திருக்கும். அங்கே இருந்தால் இங்கேயும் இருக்கலாமே என்ற நியாயமும் அதில் ஒட்டிக்கொண்டது.

இதில் என்னைப் பாதித்தது தவறு நேர்ந்தது அல்ல. உண்மை தெரிந்த பிறகு டீக்கடையில் எழுந்த ஒரு ஏமாற்றம். 'ப்ச், முட்டை இல்லையாம்.' உள்ளங்கையில் ஏந்தக்கூடிய ஒரு கல்லுக்குள், ஆறரைக் கோடி வருஷங்களுக்கு முன்பே பூண்டற்றுப் போன ஒரு வம்சத்தின் சுருள் இருக்கிறது; எங்கள் சோளக்காட்டுக்கும் பருத்திக்காட்டுக்கும் அடியில் கடல் கிடக்கிறது. இது போதவில்லை. ஏனென்றால் இது திடுக்கிட வைக்கவில்லை. துணுக்கு நம்மைத் தவறாக நம்ப வைக்கிறது என்பதை விட, உண்மையைச் சப்பென்று ஆக்கிவிடுகிறது என்பதே எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது.

•

ஆனால் சப்பென்று போவது மட்டும்தான் நஷ்டம் என்றால் இதைத் தர்ம விசாரணையாக எழுத வேண்டியதில்லை. ரசனை பற்றிய புலம்பலாக விட்டுவிடலாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, சென்னையிலிருந்து கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்திற்று. அதிலிருந்த முதிய பெண்மணி தெருவில் இருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். குழந்தை கடத்துகிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று சில வாரங்களாகக் கைபேசிகளில் குரல்களும் படங்களும் சுற்றிக்கொண்டிருந்தன. ஊர் திரண்டு அவரை அடித்துக் கொன்றது.

அந்த வருஷம் இந்தியா முழுக்கச் சுற்றிய படத்துண்டு ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிளில் வருகிற இருவர் தெருவில் விளையாடும் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அது கராச்சியில், குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்வதற்காக எடுத்த படம். மூலத்தில், போனவர்கள் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, ஒரு குழந்தையைக் கடத்த ஒரு கணம் போதும் என்று எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அந்த முடிவை யாரோ வெட்டிவிட்டார்கள். புதிதாக ஒரு பொய்யும் சேர்க்கப்படவில்லை. ஒரு பொய்ப் படமும் ஒட்டப்படவில்லை. வெட்டியது மட்டும்தான்.

இங்கேதான் துணுக்கின் பிரச்னை அதன் நிர்வாணத்தில் தெரிகிறது. துண்டாக்குவது குற்றமல்ல. துண்டாக்கிய இடத்தைத் தேய்த்து மழுக்கி, இது முழுப் பொருள் என்று கையில் கொடுப்பது குற்றம். விளிம்பு தெரிந்திருந்தால் பார்ப்பவன் மிச்சம் எங்கே என்று கேட்டிருப்பான். கேட்டிருக்க மாட்டான் என்றும் சொல்லலாம்; ஆனால் கேட்கிற உரிமை அவனிடமிருந்து பறிக்கப்பட்டிருக்காது.

அந்த ஜூலையில் வாட்ஸப் நிறுவனம் இரண்டு காரியம் செய்தது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி வரம்பு கட்டிற்று. தள்ளிவிடப்படுகிற செய்தியின் தலையில் 'ஃபார்வர்டட்' என்று ஒரு சின்னக் குறி போட்டது. இரண்டாவது காரியத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய துணுக்கு எழுத்தாளனுக்கு மொழி இலவசமாகத் தந்திருந்ததை, அந்த 'ஆம்'ஐ, ஒரு யந்திரம் திரும்ப ஒட்டவைக்க வேண்டியதாயிற்று.

ஒட்டியதால் தீர்ந்ததா? இங்கே நான் முன்னே சொன்னதை நானே மறுக்க வேண்டியிருக்கிறது. 'ஆம்' அடக்கத்தின் அடையாளம் மட்டுமல்ல. தப்பித்துக்கொள்ளும் வாசலும் அதுதான். 'நானா சொன்னேன்? சொன்னார்கள், சொன்னேன்.' ஊர்வாய் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்ததெல்லாம் 'ஆம்' போட்டுத்தான். 'அவள் நேற்று அங்கே போனாளாம்.' ஓரசை தானாகவே யோக்கியதையைத் தந்துவிடாது. கேட்டதைச் சொல்கிறேன் என்பதோடு, கேட்ட இடத்தையும் சொல்கிறேன், அங்கே போய்ப் பார்த்துக்கொள் என்கிற துணிவும் சேர்ந்தால்தான் அது விளிம்பு. இல்லாவிட்டால் முகமூடி.

•

இதையெல்லாம் சொல்வது நம் வட்டத்துக்குச் சௌகரியமான மேட்டிமை என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டும். நூலகம் இல்லாத ஊரில், கடலை மடித்துக் கொடுத்த காகிதத்தில் உலகத்தை முதலில் படித்தவர்கள் நம்மிலும் உண்டு. முழுப் புத்தகம் வாங்க முடிந்தவன் துணுக்கை இகழலாம். மற்றவனுக்கு அது ஜன்னல். இதை நான் மறுக்கவில்லை. இதற்கு மேலும் ஒரு படி போகலாம். நமக்குத் தெரிந்த பழமை முழுவதுமே துணுக்குகள்தான். கல்லமேட்டில் முழு விலங்கு கிடைக்கவில்லை. நம் பழைய நூல்களில் பல, ஏட்டில் செல்லரித்தது போக மிஞ்சியவை.

ஆனால் துண்டோடு உண்மையாகப் பழகுகிறவர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கோயில் திருப்பணியில் பழைய கல்லை எடுத்து மாற்றி வைத்துக் கட்டியிருப்பார்கள். பாதி எழுத்து இங்கே, பாதி எங்கேயோ. கல்வெட்டாளர் அதைப் படியெடுத்து அச்சிடும்போது 'துண்டுக் கல்வெட்டு' என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். வரியின் தொடக்கம் போயிருந்தால் புள்ளி வைக்கிறார். எழுத்து சிதைந்திருந்தால் சிதைந்தது என்று எழுதுகிறார். ஊகித்துச் சேர்த்த எழுத்தை அடைப்புக்குள் வைக்கிறார். இந்தப் புள்ளிகளைப் படிக்கிறவர்கள் மிகச் சிலர். ஆனால் அந்தப் புள்ளிகளில்தான் அந்தத் துறையின் ஒழுக்கம் இருக்கிறது. தானம் கொடுத்தவன் பெயர் போய்விட்டது என்றால் போய்விட்டது. திடுக்கிட வைக்கட்டுமே என்று ராஜராஜன் பெயரை அங்கே போடுவதில்லை.

ஆகவே துணுக்கு என்ற சொல்லை நாம் வசையாக உபயோகப்படுத்துவதை நிறுத்தலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. விளிம்பு தெரிகிற துண்டுக்கு அது கௌரவமான பெயர். விளிம்பை மழுக்கி முழுசென்று தருவதற்கு அந்தப் பெயர்கூடத் தகாது. அதற்கு இன்னும் தமிழில் சொல் இல்லை. தேட வேண்டியது அதைத்தான்.

தேடும்போது நம் பக்கங்களையும் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். நம் கட்டுரைகளில் சார்த்தர் ஒரு வரி வருகிறார், காம்யூ அரை வரி வருகிறார். எந்தப் புத்தகம், எந்த வாதத்தின் நடுவில், யாருக்குப் பதிலாக என்பதெல்லாம் கிடையாது. படிக்கிறவனை அடக்க ஒரு பெயர், துணுக்குற வைக்க ஒரு வரி. விகடனுக்கு அட்டை எழுதிய குமாஸ்தா 'ஆம்' போட்டான். நாம் அதையும் போடுவதில்லை. நம்முடைய நாலு பக்க விமர்சனத்தில் மூன்றரைப் பக்கம் இப்படிப்பட்ட துண்டுகள் என்றால், எந்தத் தகுதியில் நாம் மற்றவனைத் துணுக்கு எழுத்தாளன் என்கிறோம்?

இந்தக் கட்டுரைக்கும் அதே விதிதான். கல்லமேட்டு எலும்பை நான் பார்த்ததில்லை, படித்ததைத்தான் சொன்னேன். இனி வேறு யாரும் பார்க்கப்போவதுமில்லை. அந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து 'ஆம்' சேர்த்துப் படித்துக்கொள்ளவும்.